அட்டெண்டன்ஸ் மேடம்

“வேதியியல்?”

“ப்ரெசன்ட்.”

“வரலாறு?”

“நான் வந்தாச்சு. என் முட்டிதான் இன்னும் வந்து சேரல.”

“கணிதம் ரெண்டு?”

கணிதம் இரண்டு நாற்காலியிலேயே தூங்குகிறார். பக்கத்தில் இருப்பவர் அவருக்காகக் கையைத் தூக்க, “ப்ராக்ஸி வேலையெல்லாம் என்கிட்ட வேணாம், எழுப்புங்க அவர!” என்று குரல் உயர்கிறது.

பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் சங்கம் புதன்கிழமைதோறும் மாலை மூன்று மணிக்கு இப்படித்தான் கூடுகிறது. வருகை எடுப்பவர் சங்கச் செயலாளர். எழுபத்து மூன்று வயது, தாவரவியல். முப்பத்தோரு உறுப்பினர்களில் யாரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை; பாடம்தான் பெயர். நான் பொருளியல். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை அட்டெண்டன்ஸ் மேடம் என்போம். அது அவருக்குத் தெரியும், பிடிக்கவும் செய்யும். “வீட்ல அவர்கிட்ட எடுத்துப் பாத்தேன். ‘ஆப்சென்ட்’னு சொல்லிட்டு டிவி பாக்கறார்” என்று கணவரைப் பற்றி அவரே அலுத்துக்கொள்வார்.

ஆள் ஐந்தடிக்கும் குறைவு. கைப்பையில் இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒரு சின்னக் கத்தரிக்கோல், காகிதத்தில் மடித்த ஏதேதோ விதைகள். வங்கியோ பல் மருத்துவமனையோ, தொட்டிச் செடி கண்ணில் பட்டால் பழுத்த இலையைக் கிள்ளாமல் நகரமாட்டார். வாயைத் திறந்தால் ஐம்பது நிமிடத்துக்குக் குறையாமல் பேசும் எங்களை உட்கார வைக்கத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். “சார், பெல் அடிச்சாச்சு. அடுத்த கிளாஸ் பசங்க வெளியில நிக்கறாங்க” என்பார். பெல்லும் இல்லை, பசங்களும் இல்லை. ஆனாலும் பழக்கதோஷம், சட்டென்று உட்கார்ந்துவிடுவோம்.

போன மாதம் சங்கத்துக்கே வேட்டு வைக்கப் பார்த்தார்கள். தரைத்தளத்தில் உள்ள எங்கள் அறையில் பழைய விடைத்தாள்களை அடுக்கப் போவதாகவும், எங்களுக்கு மூன்றாம் மாடியில் ஓர் அறை தருவதாகவும் நிர்வாகம் அறிவித்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வாராவாரம் மாடி ஏறு என்றால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். அவர்களில் நாலைந்து பேருக்கு வாரம் முழுவதும் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசக் கிடைப்பது இந்த ஒரு மாலைதான். மேடம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் கணவர் என்னிடம் சொன்னார். உறுப்பினர் அனைவரும் கையெழுத்திட்ட கடிதம் புதன்கிழமை ஐந்து மணிக்குள் வந்தால் யோசிக்கலாம் என்று பதிவாளர் சொல்லியிருந்தார்.

அன்று முழு வருகை. மேடம் ஒரு பக்கத்தில் கச்சிதமாகக் கடிதம் எழுதி, கையெழுத்துக்காகச் சுற்றுக்கு விட்டார். கூடவே கைப்பையில் கிடைத்த பேனாவையும் கொடுத்தார். அங்கேதான் பிசகிவிட்டது. பேனா சிவப்பு.

நாலேகாலுக்குத் தாள் திரும்பி வந்தது. கையெழுத்து ஒன்றுகூட இல்லை. ‘மொத்தம் எத்தனை படி? ஒரு படி எவ்வளவு உயரம்?’ என்று இயற்பியல் ஓரத்தில் கேட்டிருந்தார். வரலாறு, ‘ஆதாரம் எங்கே?’ தத்துவம், ‘தேவை’ என்பதை வட்டமிட்டு ‘யாருக்கு?’ என்று எழுதியிருந்தார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, என் பங்குக்கு நானும் ‘முடிவுரை பலவீனம்’ என்று எழுதியிருந்தேன். கணிதம் இரண்டு, தூங்கி எழுந்த தெம்பில், கீழே மதிப்பெண் போட்டிருந்தார்: நூற்றுக்கு ஐம்பத்திரண்டு.

மேடம் தாளையே பார்த்தார். தோள் குலுங்கியது. ஐயோ, அழவைத்துவிட்டோமே என்று பக்கத்தில் ஓடினேன். பார்த்தால், சிரிப்பு! கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

“வேற தாள் கொண்டு வரட்டுமா மேடம்?” என்றேன்.

“கொடுத்தா அதையும் திருத்துவீங்க. எழுந்திரிங்க எல்லாரும். பதிவாளர நேர்லயே பாத்துடுவோம்.”

பதிவாளர் இருப்பதும் அதே மூன்றாம் மாடி. புறப்பட்டோமே ஒரு படை! முடியாத மூன்று பேர் முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். இயற்பியல் உரக்கப் படிகளை எண்ண, ஒன்று விட்டுப்போனதாக வேதியியல் சண்டை பிடிக்க, சத்தம் தாங்காமல் பதிவாளரே இரண்டாம் மாடிக்கு இறங்கி ஓடி வந்தார். எங்களில் பாதிப் பேர் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம்.

மேடம் நீட்டிய தாளை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கையெழுத்து எங்க மேடம்?”

“கையெழுத்து எதுக்கு சார்? ஆளே வந்திருக்கோம். எண்ணிக்குங்க.”

பதிவாளர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நரைத்த தலைகள். ஒருவர் இன்னொருவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். யாரோ, “நாங்க இங்கதான் இருக்கோம், விட்டுடாதீங்க!” என்று அடியிலிருந்து குரல் கொடுத்தார். பதிவாளருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்படியே படியில் உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்து, தரைத்தள அறை சங்கத்துக்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் கைதட்டிய சத்தத்தில் மூன்று மாடிகளிலும் கதவு திறந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் கணிதம் இரண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

எல்லோரும் இறங்கத் திரும்பினோம். மேடம் மட்டும் திரும்பவில்லை.

“இவ்வளவு தூரம் வந்தாச்சு. நமக்குத் தர்றதா இருந்த அந்த ரூம் எப்படித்தான் இருக்குன்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்.”

“மேடம், மாடி ஏற முடியாதுன்னுதானே இப்ப...” என்று இழுத்தார் பதிவாளர்.

“வாராவாரம் முடியாதுன்னுதான் சார் சொன்னோம்.”

செருப்பைக் கழற்றி ஒரு கையில் எடுத்துக்கொண்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு, மூன்றாம் மாடிக்கான முதல் படியில் கால் வைத்தார்.