சாப்பாட்டில் சேராதது

ஆவடிப் பக்கம் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்த எழுபதுகளில் நான் அதிகம் கேட்ட கேள்வி, "என்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான். எங்காவது வாந்திபேதி என்றால் வீடு வீடாகப் போய் இதைக் கேட்க வேண்டும். விழுந்தவர்கள் எல்லோரும் எதைச் சாப்பிட்டார்களோ அதுதான் குற்றவாளி. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நம் ஜனங்களிடம் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

அந்தச் சித்திரையில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பெண்களாகப் பார்த்து விழுந்தார்கள். ஆண்களுக்கு ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீர் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். விழுந்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

"இன்னா சாப்ட்டேன்னு என்னாண்ட கேக்கறியே, நேத்து கிருத்திகைடா. பச்சத் தண்ணி பல்லுல படல" என்றாள்.

மற்ற வீடுகளிலும் இதே பதில். பட்டினி கிடந்தால் பித்தம் ஏறத்தான் செய்யும் என்று மேலதிகாரி முடித்துவிட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நாக்கு வறண்டு கிடந்த அக்கா, "கோயில்ல குட்ச்ச பானகம் மாரி ஜில்லுனு எதுனா குடுடா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பானகம் குட்ச்சியா? ஏன் சொல்லல?"

"அது பிரசாதம்டா. அத்தப் போய் யாருனா சாப்பாட்டுல சேப்பாங்களா?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நிலையில் கிடப்பவளிடம் அதை எப்படிக் காட்டுவது?

வெல்லமும் ஏலக்காயும் எல்லோர் வீட்டிலும் இருப்பவை. ஜில்லென்று இருந்தது என்றால் ஐஸ் போட்டிருக்கிறார்கள்; புதிதாக வந்தது அது மட்டும். ஸ்டேஷனைத் தாண்டி இருந்த ஐஸ் கம்பெனிக்குப் போனேன். பின்பக்கக் குட்டைத் தண்ணீரைப் பம்பு உள்ளே இறைத்துக்கொண்டிருந்தது.

"இது மீனுக்குப் போட்ற ஐஸு சார். குடிக்க யாரு வாங்கச் சொன்னா?" என்றார் அங்கிருந்தவர். யார் வாங்கியது என்று கேட்டேன். "குவார்ட்டர்ஸ் ஆளுதான். சாக்குல சுத்தி சைக்கிள்ல வச்சிகினு போனாரு. கையில ஒரு வெரலு இல்ல."

மெஷினுக்கு விரல் கொடுத்தவர் குவார்ட்டர்ஸில் ஒருவர்தான். அக்காவின் கணவர், என் மாமா. பெண்டாட்டி இந்த வெயிலில் விரதம் இருக்கிறாளே என்று ஐஸை வாங்கிக் கோயிலில் இறக்கிவிட்டு ஷிப்டுக்குப் போயிருக்கிறார்.

அக்கா மறுநாள் போய்விட்டாள்.

"சாம்பிள் எங்கய்யா?" என்றார் மேலதிகாரி. உருகிப் போன ஐஸுக்கு நான் எங்கே போவேன்? வேறொரு கட்டியை உடைத்து அனுப்பினேன். குறையில்லை என்று முடிவு வந்தது. ஐஸ் கம்பெனியும் வழக்கம்போல் ஓடியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்ததே தவிர, செய்ய ஒன்றுமில்லை. "எதுனாலடா?" என்று மாமா கேட்டபோதெல்லாம் தெரியவில்லை என்றேன். அந்த மனிதர் அதற்குப் பிறகும் சோறு தின்று உயிரோடு இருக்க வேண்டாமா?

காரியம் முடிந்த வாரம் அவர் சைக்கிளை வெளியே எடுத்தார். கேரியரில் சாக்கு.

"உங்கக்கா பேருல தெருமொனையில பந்தல் போட்டு பானகம் ஊத்தப் போறேன். ஐஸு வாங்கியாந்துட்றேன்."

ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். "ஐஸு மட்டும் வாணாம் மாமா."

"ஏன்டா?"

வாயில் ஒரு பொய்கூட வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தானேடா வாங்கியாந்தேன்" என்றார்.