தாழ்ப்பாளைக் கழற்றிய பாப்பம்மாள்

பாப்பம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

1979 ஜூலை. டில்லியில் மழை வராமல் புழுங்கிக்கொண்டிருந்தது. கோல் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை பங்களாவில் எங்கள் பள்ளி. மற்றப் பள்ளிகள் ‘இங்கே வைத்துக்கொள்ள முடியாது’ என்று அனுப்பிவிட்ட பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். நான் குமாஸ்தா. சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் முதல் பி.ஏ. நான்தான், கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன். பாப்பம்மாள் ஆயா. தர்மபுரிப் பக்கம். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கணவர் கலியன் ஒரு சர்க்கார் ஆபீஸில் பியூன்.

பள்ளியில் ‘ஓய்வறை’ என்று ஓர் அறை. கத்துகிற, அடிக்கிற பிள்ளையை உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். சத்தம் அடங்கியதும் திறப்பார்கள். வத்சலா டீச்சர்தான் தலைமை. கெட்ட மனுஷி இல்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

வைதேஹிக்குப் பத்து வயது. டிபன் டப்பாவால் பக்கத்துப் பிள்ளையின் மண்டையை உடைத்ததால் எங்களிடம் வந்தவள். ஒருநாள் கதவைத் திறந்தபோது அவள் நெற்றி புடைத்திருந்தது. கதவில் முட்டியிருக்கிறாள். நாங்களோ சத்தம் அடங்கியது என்று நிம்மதியாக இருந்தோம்.

மறுநாள் காலை தாழ்ப்பாளைக் காணோம். கதவில் நான்கு ஓட்டைகள் மட்டும்.

“யார் கழற்றினது?” என்றார் வத்சலா டீச்சர்.

“நான்தாங்க” என்றார் பாப்பம்மாள். “எங்க வூட்டுக்காரருகிட்ட திருப்புளி இருந்துச்சு.”

“கமிட்டி வர்ற நேரம் பாப்பம்மா! அங்கீகாரம் கிடைக்கலேன்னா இத்தனை பேரும் வீட்டுல கிடக்க வேண்டியதுதான். அதுங்க கத்தினா என்ன பண்ணுவே?”

“கத்தட்டுங்க. நான் கூட உக்காந்துக்கறேன்.”

அப்படித்தான் செய்தார். வைதேஹிக்கு வெறி வந்தால் அவளோடு உள்ளே போவார். கதவை ஒருக்களித்து வைத்து, அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்வார். மடியில் ஒரு கட்டுப் பாலக் கீரை. அவளைப் பார்க்க மாட்டார், பேச மாட்டார், கீரை ஆய்வார். அவள் செருப்பை எறிந்தால் எடுத்து ஓரமாக வைப்பார். சில நாள் பத்து நிமிஷம், சில நாள் ஒரு மணி. கடைசியில் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து தண்டைக் கிள்ள ஆரம்பிப்பாள்.

செப்டம்பரில் கமிட்டி வந்தது. வந்த அன்று வைதேஹி போட்ட கூச்சலில், கமிட்டியில் இருந்த டாக்டர் இரண்டு முறை பேச்சை நிறுத்தினார். ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. நாற்காலி போதும், விசிறி போதும். ஓய்வறைக்கு மட்டும் பட்டதாரி ஒருவரைப் போட வேண்டும். படிக்காத ஆயா அங்கே கூடாது. அப்படிச் செய்தால்தான் அங்கீகாரம்.

“நீங்க பி.ஏ.தானே?” என்றார் வத்சலா டீச்சர் என்னிடம்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒப்புக்கொண்டேன். பாப்பம்மாளைச் சமையலறைக்கு மாற்றினார்கள்.

முதல் நாளே வைதேஹி கத்தினாள். நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம்கூட இருக்க முடியவில்லை. காது அடைத்தது. “சுப் கர்!”, வாயை மூடு என்று கத்திவிட்டேன். அவள் என் கையைக் கடித்தாள். சட்டென்று எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தி, கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். தாழ்ப்பாள் இல்லாத குறையை என் கை தீர்த்துவைத்தது. உள்ளிருந்து முட்டுகிற ஒவ்வொரு அடியும் என் தோள்வரை வந்தது.

பாப்பம்மாள் மாவுக் கையோடு ஓடி வந்தார்.

“வுடுங்க சார்.”

விடவில்லை.

“பி.ஏ. சார், கைய எடுங்க!”

எடுத்தேன். அவர் உள்ளே போனார்.

அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. பதிவேட்டில் என் பெயர், அறையில் அவர். கமிட்டிக்குத் தெரிந்தால் அவரை வெளியேற்றச் சொல்வார்கள் என்று வத்சலா டீச்சரும் கண்டுகொள்ளவில்லை. தினமும் கையெழுத்துப் போட்டேன். சப்பாத்தியும் சுட்டு, அறையிலும் உட்கார்ந்தார் அந்த அம்மா.

அடுத்த வருஷம் அதே டாக்டர் வந்தார். வைதேஹி வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பதிவேட்டைப் புரட்டினார், அவளுக்கு ஓய்வறை தேவைப்பட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. தட்டில் டீயோடு பாப்பம்மாள் வந்த நேரம் பார்த்து என்னிடம் ஹிந்தியில் கேட்டார்: “அச்சா, என்ன முறை கையாளுகிறீர்கள்?”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. சொன்னால் பாப்பம்மாளுக்கு வேலை போகும் என்பது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று இன்று சொன்னால் பொய்.

“கதவைத் திறந்து வைத்துத் தரையில் உட்காருவேன். பேச மாட்டேன். அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன்.”

டாக்டர் “சாபாஷ்” என்று சொல்லி எழுதிக்கொண்டார். பாப்பம்மாளுக்கு ஹிந்தி நன்றாகவே புரியும். என் முன்னால் டம்ளரை வைத்துக்கொண்டே தமிழில் சொன்னார்:

“கீரையச் சொல்லாம வுட்டுட்டீங்களே சார். கை சும்மா இருந்தா அந்தப் புள்ளையப் புடிச்சு அமுக்கத் தோணும்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, அடுத்த டம்ளரை டாக்டரிடம் கொண்டுபோனார்.

கமிட்டியின் அறிக்கை அச்சாகி வந்தபோது ‘ஒரு பட்டதாரி ஊழியரின் சிறந்த முறை’ என்று நான்கு வரி இருந்தது. அதை ஊருக்கு அனுப்பினேன். அப்பா யாரையோ வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். பாப்பம்மாள் 1984 வரை அங்கே வேலை பார்த்தார். பதிவேட்டில் கடைசிவரை ‘சமையல்’.

அந்த நான்கு வரியும் பாப்பம்மாளுடையது. அதை அப்பாவுக்கு இன்னும் எழுதவில்லை.