அரிசி டின்னுக்குள் ரேஸ் புக்

எனக்குக் கம்ப்யூட்டர் பாஷை தெரியும். பொய். ஈஜிபுரா ஆபீசில் கம்ப்யூட்டர் மேல் படிகிற தூசியை மட்டும்தான் தெரியும்.

இன்று துடைக்கும்போது ஒரு மேசையில் உள்ளங்கை அகலத்தில், அட்டையில் கம்ப்யூட்டர் படம் போட்ட புத்தகம் கிடந்தது. எல்லாமே போனில் இருக்கும்போது இது எதற்கு? எனக்குப் படிக்க வராது, அதனால் முகர்ந்து பார்த்தேன். காகிதமும் வியர்வையும் கலந்த அதே வாடை. நான் சின்னப் பையனாக இருந்தபோது மர்பி டவுனில் எங்களோடு தங்கியிருந்த சித்தப்பாவின் சட்டைப்பை வாடை.

அம்மாவின் செயினைக் குதிரைப் பந்தயத்தில் விட்டவர் அப்பா. அதனால் சட்டைப்பையில் அடங்கும் எந்தப் புத்தகமும் அம்மாவுக்கு ரேஸ் புக்தான்.

"கம்ப்யூட்டருக்குச் சொல்ற வார்த்தைங்க அண்ணி. பெரிய புக்கைத் தூக்கிட்டு அலைய முடியாது. மறந்துட்டா இதுல டக்குனு பாத்துக்கலாம்" என்று சித்தப்பா தன் சட்டைப்பைப் புத்தகத்தைக் காட்டினார்.

"உங்கண்ணனும் இப்டித்தான் கதை விட்டாரு" என்று அம்மா அதை அரிசி டின்னுக்குள் புதைத்தாள்.

சனியும் ஞாயிறும் ரேஸ் நாட்கள். சித்தப்பா குறட்டை விட்டுத் தூங்கினார். திங்கட்கிழமை காலையில்தான் அவருக்கு வியர்த்தது.

"அண்ணி, இன்னிக்கு இன்டர்வியூ. ரெண்டு பக்கம் பாத்தே ஆகணும்."

திங்கட்கிழமை குதிரை ஓடாது என்பதால் அம்மா எடுத்துக் கொடுத்தாள். அவர் புரட்டப் புரட்ட அரிசி உதிர்ந்தது. அப்போதும் என் காதில், "பின்னாடியே போ. எந்த பஸ் ஏறறாருன்னு பாரு" என்றாள். பள்ளிக்கூடம் போகாதவன் வேறு எதற்கு?

ஓடினேன். பஸ் வந்து நின்றது. சித்தப்பா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை...

"அண்ணா, உங்கள பேன்ட்ரில கூப்பிடறாங்க." மேசைக்குச் சொந்தக்காரப் பெண் பின்னால் நின்று, என் கையில் விரிந்திருந்த புத்தகத்தை முறைத்தாள். "என் புக்குல என்ன தேடறீங்க?"

"குதிரை, மேடம்."