தார் ரோட்டுச் சாமை

போன வாரம் வெள்ளிமலை பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறி, வளைவுகள் எல்லாம் முடிந்தபின் பார்த்தால்... ரோட்டில் பாதியை அடைத்துச் சாமைக் கதிர் பரப்பியிருக்கிறார்கள்!

நம் பக்கத்தில் இது புதிதா என்ன? போகிற வண்டியெல்லாம் ஏறிப் போனால், கூலி இல்லாமல் கதிர் அடிபட்டுவிடும். தலையில் பச்சைத் துண்டு கட்டிய ஒருவர் கையை ஆட்டினார். "ஏத்திக்கினு போ சார்... சும்மா போ!" நானும் தாராள மனசோடு ஒரு முறை ஏற்றி, ரிவர்ஸ் எடுத்து, இன்னொரு முறையும் ஏற்றினேன். விவசாயிக்கு என்னால் ஆன உதவி!

சாயங்காலம் திரும்பும்போது, வீட்டுக்குச் சாமை வாங்கலாம் என்று மலைப் பெண்கள் நடத்தும் கொள்முதல் கொட்டகையில் நிறுத்தினேன். பொறுப்பாளர் பெயர் சின்னப்பொண்ணு. மூட்டைக்கு மூட்டை கையை விட்டு அள்ளி, முறத்தில் புடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை சென்னைக்கு லாரி. இந்த வருஷத்துக்குக் கடைசி லாரி.

கொட்டகைப் பலகையில் 'ஃபேர் டிரேட்' என்று எழுதியிருந்தது. நீங்களும் படித்திருப்பீர்கள். நியாயமான விலை. அதைக் கேட்டதும் நமக்கு ரேஷன் கடைதானே ஞாபகம் வருகிறது? வாங்குகிறவனுக்கு எது நியாயம் என்று எப்போதோ யோசித்துவிட்டோம். விளைவிக்கிறவனுக்கு?

முன்பெல்லாம் கீழேயிருந்து வரும் வியாபாரி சொன்னதுதான் விலை, அவர் கொண்டுவந்த படிதான் அளவு. இப்போது விதைக்கும்போதே, வாங்குகிற சென்னைக் கம்பெனியோடு விலை பேசி முடித்துவிடுகிறார்கள். அறுப்பு சமயத்தில் சந்தை விழுந்தாலும் இவர்களுக்குக் குறையாது. மேற்கொண்டு ஊர் பொதுவுக்குக் கம்பெனி தரும் ஒரு பங்கு வேறு. கொட்டகைக்குப் பின்னால் சிமெண்ட் களம் கட்டியது அதில்தான்.

சின்னப்பொண்ணு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அரை மூட்டையைச் சுமந்துகொண்டு ஒருவர் வந்தார். காலையில் பார்த்த அதே பச்சைத் துண்டு! சின்னப்பொண்ணுவின் கணவராம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாய் சும்மா இருக்குமா? "அட, நான் ரெண்டு தடவை கார் ஏத்தின சாமையாச்சே!" என்றேன்.

சின்னப்பொண்ணு முறத்தைக் கீழே வைத்தார்.

"ரோட்லயா போட்ட?" என்று கணவரைக் கேட்டார்.

"களத்துல நம்ம முறை வர ரெண்டு நாளாவும். லாரி நாளைக்கு. நான் இன்னா பண்றது?"

"போன வருசம் ஒரு மூட்டைல தார்க்கல்லு கெடந்துச்சுன்னு லோடு மொத்தமும் திரும்பி வந்துச்சே, மறந்துட்டியா? ஊரே வயித்துல அடிச்சிக்கினு கெடந்துச்சு. வூட்டுக்கு எடுத்துக்கினு போ."

"பொண்ணுக்கு ஹாஸ்டல் பொட்டி வாங்கணும்னு நீதான சொன்ன? கட்டுன புருசன் மூட்டைடி இது!"

"மூட்டைல இன்னாய்யா புருசன் மூட்டை, ஊரான் மூட்டை?"

ஏழைகள்மேல் இரக்கப்பட்டு வாங்குகிற வியாபாரம் இது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தப்பு! இரக்கப்பட்டு வாங்குகிறவன் கல்லைப் பார்க்கமாட்டான். அடுத்த வருஷம் வரவும் மாட்டான். நல்ல விலையை நிமிர்ந்து கேட்க வேண்டுமென்றால் கையில் நல்ல சரக்கு இருக்க வேண்டும். சின்னப்பொண்ணுவுக்கு அது தெரிந்திருந்தது.

ஆனால் அந்த மனிதரின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. போட்டுக்கொடுத்தது நானல்லவா? "இதை நானே எடுத்துக்கிறேன்" என்றேன். அதோடு விட்டேனா... பழக்க தோஷம்! "ரோட்டுச் சரக்குதானே, கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன்.

சின்னப்பொண்ணு நிமிர்ந்து பார்த்தார். "பண்ணலாங்க சார். ரெண்டு தபா கார் ஏத்துனது யாருங்க?"

களத்துச் சரக்கின் விலையையே கொடுத்துவிட்டு வந்தேன். பெட்டி வாங்கியாயிற்று என்று நேற்று பச்சைத் துண்டுக்காரரிடமிருந்து போன் வந்தது.

எங்கள் வீட்டில் இப்போது தினமும் சாமையில் கல் பொறுக்குவது என் வேலை. நியாயம்தானே என்கிறாள் மனைவி.