பூஜையன்று அணைத்த சர்வர்

கார் கதவுப் பூட்டு செய்யும் ஒரகடம் தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் பிரிவில் ஒப்பந்த வேலை பாண்டிச்செல்விக்கு. ஊர் கோவில்பட்டி, மண்ணூரில் வாடகை அறை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து என்னதான் கிழிக்கிறாள் என்று பூட்டு பொருத்தும் லைனில் இருப்பவர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும். அவள் கட்டி மேய்ப்பவை கண்ணில் படுவதே இல்லை. டீமன் என்று பெயர். யாரும் திறக்காமல், திரையில் முகம் காட்டாமல், சர்வருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள். பூட்டு லைனின் கடைசிக்கு வந்ததும் பிரிண்டருக்கு லேபிள் அனுப்புவது அப்படி ஒன்றுதான். அது நின்றால் லேபிள் இல்லை. லேபிள் இல்லாத பெட்டியை லாரியில் ஏற்ற மாட்டார்கள்.

அந்த சர்வரை வைத்த நாளிலிருந்து யாரும் அணைத்ததில்லை. எல்லாம் பயம்தான். ஆயுத பூஜைக்கு அத்தனை மெஷினையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைப்பவர்கள், இதற்கு மட்டும் ஓட ஓடவே சந்தனத்தைத் தடவிவிட்டு நழுவிவிடுவார்கள்.

இந்த வருஷம் பாண்டிச்செல்வி, பூஜையன்று சர்வரையும் அணைத்து மறுபடி ஆன் செய்ய வேண்டும் என்று மேனேஜர் ஸ்ரீதரிடம் போய் நின்றாள். அந்த மாதத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பது அவர் கையில் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

“நல்லா ஓடிகினு கீறத இன்னாத்துக்கும்மா நோண்டுற?” என்றார் எலக்ட்ரீஷியன் நாகப்பன், வல்லக்கோட்டைக்காரர்.

“மழை வருதுல்லா அண்ணாச்சி. கரண்ட் போயி அணைஞ்சு, திரும்ப எந்திரிக்கலன்னா என்ன செய்ய? லைன் நிக்கிற அன்னைக்கே பாத்துருவோம்.”

ஸ்ரீதர் யோசித்தார். “பண்ணு. ஆனா லீவு முடிஞ்சு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல லேபிள் வரலன்னா, உன் கான்ட்ராக்ட்ல நான் கையெழுத்து போட மாட்டேன்.”

பூஜையன்று பூசணி உடைத்து, பொரி வாங்கிக்கொண்டு, ஸ்ரீதரும் நாகப்பனும் தவிர எல்லோரும் கிளம்பியபோது அவள் சர்வரை அணைத்தாள். மறுபடி ஆன் செய்தாள். ஒவ்வொன்றாக எல்லாம் எழுந்தன. லேபிள் புரோகிராம் மட்டும் எழவில்லை.

“போச்சுடா!” என்று தலையில் கைவைத்தார் நாகப்பன்.

அவள், என்னென்ன நடந்தது என்று சர்வர் தானே எழுதி வைத்திருந்த ‘லாக்’ குறிப்புகளை நிதானமாகப் படித்தாள். லேபிளுக்கான விவரங்களைத் தரும் டேட்டாபேஸ் எழுவதற்கு முன்பே லேபிள் புரோகிராம் எழுந்து, கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லாமல் நின்றுபோயிருந்தது. பதில் வரும்வரை பொறுத்திருந்து திரும்பத் திரும்பக் கேட்கும்படி அதை மாற்றினாள். எழுந்ததும் ஒரு சோதனை லேபிள் அடிக்கவும் சொல்லி வைத்தாள். கையால் ஓட்டியதும் லேபிள் வந்தது.

“வந்திடுச்சில்ல? கெளம்பும்மா,” என்றார் ஸ்ரீதர், பெருமூச்சு விட்டு.

“இது நான் எழுப்புனது சார். தானா எந்திரிக்கணும்.”

சொல்லிவிட்டு மறுபடியும் சர்வரை அணைத்துவிட்டாள். கைக்கு வந்துவிட்ட வேலையை இன்னொரு முறை பணயம் வைக்க என்ன நெஞ்சுரம் வேண்டும்! ஸ்ரீதர் பொரிப் பொட்டலத்தோடு அப்படியே நின்றார்.

சர்வரை மட்டும் ஆன் செய்துவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டாள். வேறு எதையும் யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிரிண்டர் கரகரத்து ஒரு லேபிளைத் தள்ளியது.

ஸ்ரீதர் அதைக் கிழித்தெடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். “அடுத்த வருஷ பூஜைக்கும் நீயே அணைச்சிடும்மா,” என்றார்.

சரி சார் என்று சொல்லத்தான் பாண்டிச்செல்வி வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.