பாஞ்சாலியின் தொரட்டி

புளி உலுக்கும் மாதங்களில் பாஞ்சாலியைத் தேடி வீட்டுக்குப் போவது வீண். எங்கள் மலையூரான நெல்லிவாசல்நாட்டில் ஏதாவது ஒரு மரத்தடியில்தான் இருப்பாள். எட்டாத கிளையில் தொங்கும் காயை, கழி நுனியில் வளைகத்தி கட்டிய தொரட்டியால் இழுப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. வயது முப்பத்தொன்பது. புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்து மூன்று வருடமாகிறது. "மரத்துக்கு அதெல்லாம் தெரியுமா இன்னா?" என்று அவளே கிண்டலடிப்பாள்.

அறுவை சிகிச்சைக்கு முன் படிவம் நிரப்பியவள், இந்த ஊர் நர்ஸான நான். குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று கேட்டேன். "இல்லீங்க" என்றாள். அப்படியே எழுதினேன்.

போன வருடம் அவளுடைய அக்கா மகன் எலும்புப் புற்றில் இறந்தான். சாவு வீட்டில்தான் தெரிந்தது, அம்மாவும் அக்காவும்கூட நாற்பதுக்குள் மார்புக் கட்டியில் போனவர்கள் என்று. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் பாஞ்சாலி அன்னிக்கே சொல்லல?"

"அவங்க பொறந்த வூட்டு வகையறாங்க. நீங்க என் குடும்பத்தத்தானே கேட்டீங்க?"

கட்டிக்கொடுத்த பெண் இங்கே புருஷன் வகையறாவின் ஆள். பத்து வருடம் மலையில் இருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

அவளை நகரத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டர் தமிழரசி ரத்தம் சோதித்துவிட்டு விளக்கினார். பி53 என்று ஒரு புரதம். டி.என்.ஏ என்ற மரபு இழை கெட்டுப்போன செல் பெருகாமல் தடுப்பது அதன் வேலை. அதற்கு அது இழையை இறுகப் பிடிக்க வேண்டும். சிலருக்குப் பிடிக்கும் இடமே பழுதாகும். பாஞ்சாலிக்கு அந்த இடம் சரிதான்; புரதத்தின் வடிவத்தைக் கட்டிவைக்கும் துத்தநாகத்தின் பக்கத்தில், புரதச் சங்கிலியின் ஒரே ஒரு கண்ணி மாறி, வடிவம் தளர்ந்திருந்தது.

"கத்தி நல்லாத்தான் கீது, கழியில கட்டுனது தளந்துபோச்சு. தொரட்டி திரும்பிக்கும், காய் வராது. அப்டித்தானேங்க?"

அதேதான் என்றார் டாக்டர்.

"அப்ப எம் பொண்ணுக்கு?"

தாயிடமிருந்து வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகள் சசிகலாவுக்குப் பத்தொன்பது வயது. அவளுக்கும் சோதித்தோம். அதே மாற்றம் இருந்தது.

"நான்தான் குடுத்துட்டேன்" என்று அழுதாள் பாஞ்சாலி.

"ஒன் மூக்கும்தான் எனக்கு வந்துது. அதுக்கா அழுத?" என்ற சசிகலா என் பக்கம் திரும்பினாள். "ஸ்கேனுக்கு எப்ப வரணும்னு எழுதிக் குடுங்க சிஸ்டர். சீக்கிரம் கண்டுபுடிச்சா சரி."

புதுப் படிவம் எடுத்தேன். நான் கேட்பதற்கு முன்பே பாஞ்சாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

"எங்கம்மா, எங்கக்கா, அக்கா பையன், நானு. எல்லாத்தையும் எழுதுங்க. நாளைக்கு இவள எந்த வூட்டுல கட்டிக் குடுத்தாலும், இந்தப் பேருங்கள மட்டும் அடிச்சிடாதீங்க."