என் வாயால் பேசியவள்

அறுபதுகளின் நடுவில், சாவகச்சேரிக்குக் கிட்ட உள்ள எங்கள் ஊரில், எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சொன்னார்கள். முதலில் சொன்னவர் என் அண்ணை.

ஐயா எனக்கு ஒரு கலியாணம் பேசியிருந்தார். நான் மாட்டேன் என்றேன். ஐயாவின் முகத்துக்கு நேரே எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் அப்படிச் சொன்னதில்லை. காரணம் அண்ணைக்கு மட்டும் தெரியும். தட்டச்சு வகுப்புக்குப் போய்வரும் வழியில், நீதவான் கோட்டில் கிளாக்கராக இருந்த வல்வெட்டித்துறைக்காரர் ஒருவருடன் எனக்குப் பழக்கமாகியிருந்தது. கடலோடிக் குடும்பம். தோட்டம் செய்து வாழ்கிற ஐயா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நான் அழுதபோது, “நீ பயப்பிடாதை, ஐயாவோடை நான் கதைக்கிறன்” என்றார் அண்ணை.

கதைத்தார்தான். பக்கத்துத் தோட்டக் கிணற்றில் முந்தின வருடம் ஒரு பெண் விழுந்து செத்திருந்தாள். உச்சி வெயிலில் நான் தலைமயிரை விரித்தபடி அந்தக் கிணற்றடியால் வந்ததைத் தான் கண்டதாகவும், அன்றிலிருந்துதான் நான் இப்படி என்றும் ஐயாவிடம் சொல்லியிருக்கிறார். அடிக்கக் கை ஓங்கி நின்ற ஐயா, பயந்து பின்வாங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பேயை விரட்டக் கழிப்புக் கழிக்கிற ஒருவர் வந்தார். முற்றத்தில் என்னை இருத்தி, சாம்பிராணிப் புகை போட்டு, உடுக்கடித்தார். நான் எழும்பாமல் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அண்ணை.

“நீ ஆர்?” என்று கேட்டார் வந்தவர். என் பெயரைச் சொன்னேன். வேப்பிலைக் கொத்தால் முகத்தில் அடித்தார். பேய் முதலில் பிள்ளையின் பெயரைத்தான் சொல்லும் என்று ஐயாவுக்கு விளங்கப்படுத்தினார். நான் திரும்பி அண்ணையைப் பார்த்தேன். அவர் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புகையில் மூச்சு முட்டியது. கடைசியில் செத்தவளின் பெயரைச் சொன்னேன். உடுக்கு நின்றது. என்ரை பிள்ளை திரும்பி வந்திட்டாள் என்று அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கையில் நூல் கட்டினார்கள். பேசிய கலியாணம் தானாகவே குழம்பி நின்றுபோனது.

சில மாதம் கழித்து, சாவகச்சேரி பஸ் ஸ்ராண்டில் கிளாக்கரைக் கண்டேன். இவ்வளவு நாளும் ஏன் ஒரு சொல்லும் அனுப்பவில்லை என்று கேட்டேன். அவர் என் கையில் இருந்த நூலையே பார்த்தார்.

“உங்கடை அண்ணை வந்தவர். இவ்வளவு நாளும் என்னோடை கதைச்சது நீங்கள் இல்லையாம்.”

“நீங்கள் அதை நம்பினீங்களோ?”

நடுக்கடலில் செத்தவர்களின் குரல் கேட்டுத் தோணியைத் திருப்பிய மாமன்மாரோடு வளர்ந்தவர் அவர். சுகமாக இருங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினார்.

வீட்டுக்கு வந்து அண்ணையிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தணிந்த குரலில், நன்மை செய்தவரைப் போலச் சொன்னார்: “பேய் எண்டபடியாத்தான் ஐயா உன்னைக் கொல்லாமல் விட்டவர். உன்ரை பேர் கெடேல்லை.”

“நான் சொன்னதெல்லாம் என்ரை சொல்லு, அண்ணை. அதையும் அந்தச் செத்தவளுக்குக் குடுத்திட்டியள்.”



அதன்பிறகு நான் எதை மறுத்தாலும் அம்மா திருநீற்றுச் சட்டியை எடுக்கத் தொடங்கினார். சத்தமாகச் சிரிக்கக்கூடப் பயமாக இருந்தது. என்னைப் பெண் கேட்டு வேறு யாரும் வரவுமில்லை.

அடுத்த ஆவணியில் அண்ணைக்குக் கலியாணம். மாப்பிள்ளையின் தங்கை என்பதால் நான்தான் தோழியாக நிற்க வேண்டும். சேலையும் எடுத்துவிட்டார்கள். பேய் பிடித்தவள் மணவறையில் நிற்கக்கூடாது என்று பெண் வீட்டார் சொல்லியனுப்பினார்கள். ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் தான் கட்டிய கதை என்று அண்ணை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரோ எனக்குப் பதிலாகச் சின்னம்மாவின் மகளைக் கூப்பிடச் சொன்னார்.

அவளுக்கு அந்தச் சேலையை நானே உடுத்திவிட்டேன். கொய்யக மடிப்புச் சரியாக விழவில்லை; இரண்டாம் தரம் மடித்துக் குத்தினேன். மேளச் சத்தம் கேட்கவும் அவள் ஓடிவிட்டாள். நான் குசினிக்குப் போய், அரிந்து முடியாமல் கிடந்த கத்தரிக்காயை எடுத்து அரியத் தொடங்கினேன்.